சின்னத்திட்டி ஆலாக்கள்

கற்பிட்டி
11.06.2015

அன்புத் தங்கச்சி அமானிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் உம்மாவும் உன் மச்சான் லாபிரும் பிள்ளைகளும் நானும் சுகம். உம்மாவின் முழங்கால் மட்டும் தொழுகைக்கு மடங்க மறுக்கிறது. கதிரையில் இருந்து தொழுகிறா. நீ அந்தக் குளிருக்குள் எப்படி இருக்கிறாய் என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கேட்கிறா. எழுது.

நீ சாப்பிட்ட ரோசாப்பூப் பீங்கானை உம்மா இன்னும் அலுமாரிக்குள் வைக்க விடவில்லை. கழுவித் துடைத்து மேசையிலேயே இருக்கிறது. நாற்பத்து நான்கு வருடமாக நான் இந்த வீட்டில் சாப்பிடுகிறேன். அந்தப் பீங்கானை யாரும் எனக்காக வெளியே எடுத்ததில்லை. இதைக் குறையாக எழுதவில்லை. கண்டதை எழுதுகிறேன். கண்டதை எழுதத்தானே என்னை வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

வங்கியில் என் கையெழுத்தைப் பார்த்த பிள்ளை எழுந்து நின்று, "நீங்க டொக்டர் அமானிட ராத்தாவா?" என்று கேட்டது. நீ இன்னும் டொக்டர் ஆகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, ஓம் என்று மட்டும் சொன்னேன்.

இனி உன் கடற்பறவைகள், ஆலாக்கள். நாம் இரண்டு பேரும் போனதுபோலவே பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பஸ்தியானின் வள்ளத்தில் சின்னத்திட்டி மணல்தீவுக்குப் போகிறேன். பற்றைகளுக்குக் கீழே எல்லாக் கூட்டிலும் குஞ்சு பொரித்துவிட்டது. நீ சோடி சோடியாகப் பிடித்துச் சிவப்பு வளையம் போட்டு, போகும் வழியைப் பதிகிற கருவியை முதுகில் ஒட்டிய ஆலாக்கள் முதல் இரண்டு நாளும் கழுத்தைத் திருப்பித் திருப்பி முதுகைக் கொத்தின. இப்போது குறைந்திருக்கிறது. பிடித்து எடை பார்த்துவிட்டு, கருவி ஒட்டாமல் நீல வளையம் மட்டும் போட்டு விட்டவை ஒன்றும் நடக்காததுபோல் இருக்கின்றன. இரண்டு வகையும் குஞ்சிடம் வருகின்றன.

கருவி பறவையை வருத்துகிறது என்று தெரிந்தால் அன்றைக்கே கழற்ற வேண்டும், கழற்றினால் உன் நான்கு வருடப் படிப்பும் அதோடு முடிந்தது, இன்னொரு முறை யாரும் உதவ மாட்டார்கள் என்று வள்ளத்தில் வைத்துச் சொன்னாய். அவ்வளவு பெரிய பொறுப்பை ஏன் என்னிடம் தந்தாய் என்று யோசித்தபடி கரைக்கு வந்தேன். வேறு யாரும் கிடைக்காததால் என்றுதான் விடை வருகிறது.

நோன்பு நெருங்குகிறது. உனக்கும் துஆச் செய்கிறேன்.

உன் ராத்தா,
மர்ளியா


வட நோர்வே
17.06.2015

அன்பான ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். கைவிரல் மட்டும் வெடித்திருக்கிறது. உம்மாவிடம் அதைச் சொல்ல வேண்டாம். முழங்காலுக்கு நான் வைத்துவிட்டு வந்த தைலத்தைப் பூசச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் பூசுவா.

உங்கள் கடிதம் ஆறு நாள் கழித்துத்தான் என் கைக்கு வந்தது. பேராசிரியரோடு பறவை ஆய்வுக்கு வந்திருக்கும் இந்தத் தீவில் தொலைபேசி எடுக்காது. கிழமைக்கு ஒருமுறை மின்னஞ்சலை இறக்குகிறார்கள். படம் இறங்காது, எழுத்து மட்டும்தான். அதனால் அங்கே எனக்கு இருப்பது உங்கள் கண் மாத்திரம்.

அந்தப் பீங்கானைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ராத்தா, அது விருந்தாளிக்கு எடுக்கிற பீங்கான். மூன்று கிழமை நான் என் உம்மாவின் வீட்டில் விருந்தாளியாக இருந்தேன். குசினிக்குள் போனால், "நீ போய் இரி, அவள் பாத்துக்கொள்ளுவாள்" என்றா. அந்த அவள் நீங்கள். உம்மாவுக்கு உப்புக் குறைய வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. நான் ஆக்கிய ஆணத்தை ஒரு வாய் வைத்துவிட்டு மூடினாவே, நீங்கள் பார்க்கவில்லை என்று நினைத்தேன். பார்த்தீர்கள். சிரித்தீர்கள்கூட.

ஆலாக்களைப் பற்றி நீங்கள் எழுதியது நல்ல செய்தி. கருவியின் பாரம் பறவையின் எடையில் நூறில் மூன்று பங்குக்கும் குறைவு. அந்த அளவுக்குள் இருந்தால் பறவைக்குக் கேடில்லை என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். சிவப்பு வளையம் எப்படி வருகிறது, நீலம் எப்படி வருகிறது, குஞ்சுகள் ஒரேயளவில் வளர்கின்றனவா, இது மூன்றையும் மட்டும் பாருங்கள். கருவியைக் கழற்றி எடுக்கும்வரை அதற்குள் என்ன பதிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

இங்கே சூரியன் மறைவதில்லை. எந்நேரமும் பகல். மக்காவின் நேரம் பார்த்துத்தான் நோன்பு பிடிக்கப் போகிறேன். ஜன்னலில் வெயில் அடிக்க, மஃரிப் ஆகிவிட்டது என்று மனதைச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

வேறு ஆள் கிடைக்காமல் உங்களிடம் தரவில்லை. ஆள் இருந்தது. சிலாபத்தில் இசபெல் என்று பறவை பிடிக்கப் பழகிய பெண் ஒருத்தி இருக்கிறாள். நான் உங்களைத்தான் கேட்டேன்.

அன்புடன்,
அமானி


கற்பிட்டி
26.06.2015

அன்புத் தங்கச்சி அமானிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நல்லபடியாகப் போகிறது. உனக்கும் லேசாகப் போகட்டும். உம்மா ஒரு நோன்பும் விடமாட்டேன் என்று பிடிவாதம். தைலம் பூசுகிறா. நான் சொல்லித்தான்.

சிரித்தேன் என்று எழுதியிருந்தாய். ஓம், சிரித்தேன். இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது உப்பின் அளவு ஒன்றுதான், அதற்குமா உனக்குக் கண்?

இம்முறை பள்ளிவாசல் கஞ்சிக்கு நம் தெருவிலும் பங்கு கேட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் நோன்பு லீவு. விடியமுன் ஸஹர் முடித்து, சுபஹ் தொழுத கையோடு வள்ளத்தில் ஏறினால்தான் மதியம் லுஹருக்கு வீடு வந்து அடுப்பு மூட்டச் சரியாக இருக்கிறது. அரிசி, தேங்காய்ப்பால், வெந்தயம், உள்ளி. உம்மா கதிரையில் இருந்துகொண்டே அகப்பையை ஆட்சி செய்கிறா. போன வருடம் நீ அனுப்பிய பேரீச்சம்பழப் பெட்டியைப் பற்றி இந்த வருடமும் தெருவுக்கே சொல்கிறா. இந்த வருடம் லாபிர் வாங்கி வந்த பேரீச்சம்பழத்துக்குக் கதை கிடையாது.

நீ கேட்ட மூன்றுக்கும் விடை எழுதுகிறேன். மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி. நீலவளையக் கூடுகளுக்குத் தாயோ தகப்பனோ வருகிறது, தீனி கொடுக்கிறது, திரும்பிப் போகிறது. சிவப்பு வளையக் கூடுகளுக்கு யாரும் வருவதில்லை. கிழமை முழுக்கப் பார்த்தேன். பற்றைக்குக் கீழே குஞ்சு மட்டும் தலையை மணலில் போட்டுக்கொண்டு கிடக்கிறது. என் நிழல் விழுந்தால் தாய் என்று நினைத்து வாயைத் திறக்கிறது. நீலக்குஞ்சோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மெலிவு.

கருவி சுமந்தவை கூட்டைக் கைவிட்டுவிட்டன என்றுதான் எனக்குப் படுகிறது. நூறில் மூன்று பங்கு என்று எடுத்துக்கொண்டவர்களின் முதுகில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லையே.

உன் ராத்தா,
மர்ளியா


வட நோர்வே
01.07.2015

அன்பான ராத்தாவுக்கு,

ஸலாம். உம்மா சுகமா? நான் சுகம் என்று சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் பறவைகளைப் பற்றிய பகுதியைப் பலமுறை படித்தேன். முதல் கடிதத்தில் இரண்டு வகையும் வருகின்றன என்றீர்கள். இப்போது சிவப்பு ஒன்றுகூட வருவதில்லை என்கிறீர்கள். ஒன்றிரண்டு கைவிட்டிருந்தால் எனக்கு விளங்கும். எல்லாமா? அப்படி எங்கும் நடந்ததாக நான் படித்ததில்லை. பேராசிரியரிடம் மெதுவாகக் கேட்டேன். பார்ப்பவருக்குப் பயிற்சி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்.

ராத்தா, கோபிக்காமல் யோசித்துப் பாருங்கள். நான் அவற்றைப் பிடித்து வைத்துக் கருவி ஒட்டியபோது நீங்கள் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றீர்கள். ஆரம்பத்திலிருந்தே உங்களுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காத வேலை பிழைத்துப்போவதைக் காணக் கண் தயாராக இருக்கும். இது எல்லோருக்கும் நடக்கும், எனக்கும் நடந்திருக்கிறது.

இன்னொரு முறை பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அமானி


கற்பிட்டி
05.07.2015

அமானிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம். எல்லோரும் சுகம்.

பயிற்சி இருக்கிறதா என்று கேட்டவரிடம் நீ என்ன சொன்னாய் என்பதை எழுதவில்லை. நான் சொல்கிறேன். உயர்தரத்துக்கு உனக்கு உயிரியல் படிப்பித்தது நான். எனக்கும் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கு இடம் வந்தது, அந்த வருடம் வாப்பா படுக்கையில் விழுந்தார், யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. அந்த ஒருவர் யார் என்று நம் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளக்கூட இல்லை.

உன் படம் எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் தொங்குகிறது. அதற்குக் கீழே நின்றுதான் பறவையின் எலும்பு ஏன் உள்ளே பொள்ளாக இருக்கிறது என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். பாரம் குறைய வேண்டும் என்பதற்காக எலும்பையே பொள்ளாக வைத்துப் படைத்திருக்கிறான். அதன் மேல் நீ கொண்டுபோய் ஒன்றை ஒட்டுகிறாய்.

பிடிக்காத வேலை பிழைப்பதைக் காணத் தயாராக இருந்த கண் என்கிறாய். சரி. அந்தக் கண்ணால்தான் நேற்று ஒரு சிவப்பு வளையக் கூட்டில் குஞ்சு செத்துக் கிடந்ததையும் பார்த்தேன். நண்டு அதைப் பாதி இழுத்துப் போயிருந்தது. மற்றக் கூடுகளுக்கும் நேற்று யாரும் வரவில்லை, முந்தாநாளும் வரவில்லை. இதற்கு மேல் பார்க்க எனக்குத் தெரியாது.

கழற்றுவதும் விடுவதும் உன் இஷ்டம். ஆனால் ராத்தா சொல்லவில்லை என்று பிறகு நீ சொல்லக்கூடாது.

மர்ளியா


கற்பிட்டி
12.07.2015

அன்புத் தங்கச்சி அமானிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம். நீ சுகம்தானே? உன்னிடமிருந்து இந்தக் கிழமை கடிதம் இல்லை. கோபமோ, அஞ்சல் இறங்கவில்லையோ தெரியாது.

இங்கே புதினம் ஒன்றுதான். நேற்று விடிய வெள்ளாப்பிலேயே கடல் கொந்தளிப்பாக இருந்ததால் நாங்கள் திட்டிக்குப் போக நேரமாகிவிட்டது. திரும்பும்போது வள்ளத்து இயந்திரம் உயிரை விட்டது. பஸ்தியான் அதைக் கழற்றிப் பூட்டி, சிங்களத்திலும் தமிழிலும் ஏசி முடிக்க மஃரிப் ஆகிவிட்டது. நோன்பு திறக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அவன்தான் தண்ணீரும் ஒரு துண்டுப் பாணும் தந்தான். "மீன் மணக்கும் டீச்சர், நோன்புக்கு அது கூடும்தானே?" என்று கேட்டான். மணலில் இருந்து நோன்பு திறந்தேன்.

இங்கே உம்மா தஸ்பீஹ் மணியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கதிரைக்குமாக நடந்திருக்கிறா. லாபிர் துறையில் நின்றார். என்னைக் கண்டதும், "தங்கச்சிக்கு டொக்டர் பட்டம், எங்களுக்குக் கருகின கஞ்சி" என்றார். கஞ்சி அடிப்பிடித்துவிட்டதாம்.

பெருநாளைக்குப் பிள்ளைகளுக்கு உடுப்பு எடுத்தாகிவிட்டது. உம்மாவுக்கு நீ அனுப்பிய சால்வை இருக்கிறது, அதைத்தான் போடுவாவாம். நான் எடுத்தது பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

ஆலாக்களைப் பற்றி இந்தக் கிழமை எழுத ஒன்றும் இல்லை.

உன் ராத்தா,
மர்ளியா


வட நோர்வே
15.07.2015

அன்பான ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கும் உம்மாவுக்கும் மச்சானுக்கும் பிள்ளைகளுக்கும் பெருநாள் வாழ்த்து. இங்கே நான் ஒருத்திதான் பெருநாள் கொண்டாடுவேன்.

உங்கள் ஐந்தாம் திகதிக் கடிதம் வந்தது. செத்த குஞ்சைப் பற்றிப் படித்த பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. பேராசிரியரிடம் போய், கருவிகளைக் கழற்றச் சொல்லப் போகிறேன் என்றேன். பயிற்சி இல்லாத ஒருவரின் பேச்சுக்காகவா என்றார். எனக்கு உயிரியல் படிப்பித்தவ என்றேன். கழற்றினால் இந்த ஆராய்ச்சியை இத்தோடு மூட வேண்டி வரும், தெரியும்தானே என்றார். தெரியும் என்றேன்.

இசபெலுக்கு எழுத்தில் அறிவித்துவிட்டேன். பெருநாள் முடிந்து, இருபதாம் திகதி வருவாள். திட்டிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். எல்லாவற்றையும் கழற்றச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கண்ணைப் பற்றி நான் எழுதியதை மறந்துவிடுங்கள். உங்களை நம்பித்தான் பறவைகளை விட்டுவிட்டு வந்தேன். நம்பிய பிறகு பாதியில் நிறுத்தினால் அதற்கு வேறு பேர்.

இது முடிந்தால் இங்கே எனக்கு வேறு யாருடையதாவது ஆராய்ச்சியில் உதவி வேலை கிடைக்கலாம். இல்லாவிட்டால் ஊருக்கு வருவேன். உப்பின் அளவை எனக்கும் சொல்லித் தாருங்கள்.

அன்புடன்,
அமானி


கற்பிட்டி
21.07.2015

அன்புத் தங்கச்சி அமானிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடி முடிந்தது. உம்மா நீ அனுப்பிய சால்வையோடு கதிரையில் இருந்து எல்லோருக்கும் ஸலாம் சொன்னா.

உன் கடிதம் பெருநாளுக்கு மறுநாள் கிடைத்தது. நேற்று அஸருக்குப் பிறகு இசபெலோடு சின்னத்திட்டிக்குப் போனோம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இசபெல் கெட்டிக்காரி, கை மெல்லிய கை. குஞ்சுக்கு மேலே வலையை மறைத்து வைத்துவிட்டுத் தள்ளி இருந்தோம். சூரியன் தண்ணீரைத் தொடப் போகும் நேரம் சிவப்பு வளையம் ஒன்று வந்து இறங்கியது. பிடித்தாள், கருவியை ஒட்டியிருந்த நாடாவை நனைத்து உரித்தாள், கருவியை எடுத்தாள், விட்டாள். அது கொஞ்சம் சுற்றிவிட்டுக் குஞ்சிடம் திரும்பி வந்தது. இரண்டாவது அப்படி இல்லை. கையிலிருந்து விடுபட்டதும் கத்திக்கொண்டு நேரே கடலுக்குப் போனது. காத்திருந்தோம், திரும்பவில்லை. அதன் குஞ்சு தீனி இல்லாமல் வாயைத் திறந்தபடி கிடந்தது. இசபெல் வலையைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது பற்றைக்குப் போனாள். நான் போய் அந்தப் பற்றைக்கு முன்னால் மணலில் இருந்துவிட்டேன்.

"மிஸ், கொஞ்சம் தள்ளுங்க. வெளிச்சம் போகப் போகுது."

"இனி ஒண்டையும் கழட்ட வேணாம் பிள்ளை."

"அமானி மிஸ் எழுத்தில தந்திருக்கா. குஞ்சைப் பாக்க வருகுது இல்லையெண்டு நீங்க எழுதினதாலதானே நான் சிலாபத்தில இருந்து வந்தன்."

"நான் எழுதினது பிழை. வருகுது. மஃரிபுக்குத்தான் வருகுது."

அவள் வலையைக் கீழே வைத்தாள். "இது எப்ப உங்களுக்குத் தெரிஞ்சது?"

பஸ்தியான்தான் வள்ளத்தில் நின்றபடி, "இஞ்சின் பழுதான அண்டைக்கு டீச்சர் பாணைக் கையில வெச்சிக்கிட்டு, திண்ணவும் மறந்து, அதுகளப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. நான்தான் நோன்பத் திறங்க டீச்சர் எண்டு சொன்னன்" என்றான். சிரிப்பதற்காகத்தான் சொன்னான்.

அன்றைக்குக் கண்டது இதுதான். பாங்கு சொல்லும் நேரத்தில் அவை வந்தன, ஒவ்வொன்றாக, தண்ணீருக்கு மேல் தாழப் பறந்து. நீலவளையம் வந்தால் நேரே இறங்கிவிடும். இவை அப்படி இறங்கவில்லை. பற்றையை ஒருமுறை சுற்றி, இன்னொரு முறை சுற்றி, கால் வைக்கும்போது முன்பக்கம் சரிந்து, இறக்கையை ஊன்றி நிமிர்ந்தன. தீனி கொடுத்த பிறகு எழும்பவில்லை. வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கின. கூட்டை அவை கைவிடவே இல்லை. பகலெல்லாம் கடலில் இருந்துவிட்டு அந்தியில்தான் வந்து சேர்ந்திருக்கின்றன. நோன்பு தொடங்கியதிலிருந்து நான் காலையில் போய் லுஹருக்குத் திரும்பினேன். அந்தியில் பார்க்க நான் அங்கே இல்லை.

ஐந்தாம் திகதிக் கடிதத்தில் ஒரு குஞ்சு செத்ததை எழுதினேன். அதே கிழமை நீலவளையக் கூடு ஒன்றிலும் குஞ்சு செத்திருந்தது. அதை எழுதவில்லை.

மற்றக் கருவிகள் பறவைகளின் முதுகிலேயே இருக்கின்றன. கழற்றிய இரண்டையும் இசபெல் கொண்டுபோயிருக்கிறாள். கடலுக்குப் போன பறவை இன்று அந்தியிலும் வரவில்லை. அதன் சோடி மட்டும் வந்து தீனி கொடுத்தது.

மர்ளியா


வட நோர்வே
30.07.2015

ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் சுகத்தை நீங்கள் எழுத மறந்தது இதுதான் முதல் தடவை.

இருபத்தாறாம் திகதிக் கடிதத்தைத் திரும்ப எடுத்தேன். சுபஹ் தொழுத கையோடு வள்ளம், லுஹருக்கு வீடு என்று நீங்கள் எழுதித்தான் இருக்கிறீர்கள். கஞ்சியைப் பற்றிய இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதம் வந்தால் நான் ஸலாமைப் படிப்பேன், உம்மாவைப் பற்றிய வரியைப் படிப்பேன், பிறகு கஞ்சி, உடுப்பு, தெருக்கதை எல்லாவற்றையும் தாண்டிப் பறவைக்குப் போய்விடுவேன். எப்போதும் அப்படித்தான் செய்திருக்கிறேன். நோன்பு காலத்தில் உங்களுக்கு அந்திநேரம் வீட்டை விட்டு வர முடியாது என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அந்தி என்றால் என்னவென்றே தெரியாத இடத்தில் இருந்துகொண்டு நான் மறந்துபோனேன்.

இசபெல் இரண்டு கருவியிலும் பதிந்திருந்ததை எழுத்தில் அனுப்பினாள். ஆலாக்கள் நாள் தவறாமல் திட்டிக்கு வந்திருக்கின்றன. ஆனால் இந்த வகை ஆலா போய்வர வேண்டிய நேரத்தைவிட மிகக் கூடுதலாகக் கடலில் நின்றிருக்கின்றன. வழியில் தண்ணீரில் இறங்கி ஆறியிருக்கின்றன. அதனால்தான் குஞ்சு மெலிந்திருக்கிறது. பறவை வரவில்லை என்றது பிழை. பாரமில்லை என்று நான் சொன்னதும் பிழை. இரண்டாம் தொகுதிக் கருவிகளை ஒட்டப்போவதில்லை என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். மீதியை, குஞ்சுக்குத் தீனி கொடுத்து முடித்த பிறகு, ஒவ்வொரு அந்திக்கு ஒன்றாகக் கழற்றும்படி இசபெலுக்கு எழுதியிருக்கிறேன். கருவி சுமப்பதால் பறவைக்கு என்ன ஆகிறது என்பதையே ஆராய்ச்சியாக எழுதச் சொல்கிறார்கள். படிப்பு முடியவில்லை, வேறு பக்கம் திரும்பியிருக்கிறது.

உங்கள் கடைசிக் கடிதத்தில் அவை இறங்குவதைப் பற்றி எழுதிய இடத்தைப் பேராசிரியருக்கு மொழிபெயர்த்துக் காட்டினேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு, இந்தப் பெண் ஏன் ஆராய்ச்சிக்கு வரவில்லை என்று கேட்டார். இப்போது சாப்பாட்டு மேசையில் உங்களைப் பற்றித்தான் விசாரிக்கிறார். நான்கு வருடத்தில் என் எழுத்து எதையும் அவர் இரண்டாவது முறை வாசிக்கச் சொன்னதில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை, ராத்தா. பிடித்ததுபோல் எழுதப் பார்த்தேன், வரவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். பதினோராம் திகதி அந்தியில் நீங்கள் அவற்றைக் கண்டீர்கள். பன்னிரண்டாம் திகதி எனக்குக் கடிதம் எழுதினீர்கள். எழுத ஒன்றும் இல்லை என்று ஏன் எழுதினீர்கள்?

அடுத்த பருவத்துக்கு இசபெலையே பார்க்கச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் வீட்டு வேலை அதிகம்.

அடுத்த மாதம் இருபத்திரண்டாம் திகதி ஊருக்கு வருகிறேன்.

அமானி


கற்பிட்டி
09.08.2015

அன்புத் தங்கச்சி அமானிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம். முழங்காலுக்கு இப்போது கொஞ்சம் பரவாயில்லை. நீ வருகிறாய் என்று சொன்ன நாளிலிருந்து கதிரையை விட்டு எழும்பித் தானே தேத்தண்ணி ஊற்றுகிறா.

நீ கேட்ட கேள்விக்கு விடை உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறாய். உன் பேராசிரியர் கேட்ட கேள்வியும் அப்படித்தான், அதற்கும் உனக்கு விடை தெரியும். அவரிடம் என்ன சொன்னாய் என்பதை இந்த முறையும் நீ எழுதவில்லை.

நீ கடிதத்தில் தாண்டிப்போகும் இடம் எது என்று இப்போது தெரிந்துவிட்டதால், இதை இங்கேயே, உம்மாவின் தேத்தண்ணிக்குப் பக்கத்திலேயே எழுதுகிறேன். இசபெல் எல்லாக் கருவிகளையும் கழற்றிவிட்டாள். ஒரு பறவையும் ஓடவில்லை. முதுகில் நாடா இருந்த இடம் மொட்டையாக இருக்கிறது. கழற்றிய மூன்றாம் நாளே சில பகலிலும் வரத் தொடங்கிவிட்டன. சுற்றாமல் இறங்குகின்றன. நீலக்குஞ்சுகள் எல்லாம் பறந்துவிட்டன. சிவப்புக்குஞ்சுகள் நாலைந்து நாள் பிந்திப் பறந்தன.

ஒன்று மட்டும் இன்னும் திட்டியில் இருக்கிறது. இசபெலின் கையிலிருந்து கடலுக்குப் போனதே, அதன் குஞ்சு. போன பறவை திரும்பவே இல்லை. சோடி தனியாகத் தீனி சுமக்கிறது. இந்தக் கணக்கில் நான் எழுதியதும் இருக்கிறது, நீ ஒட்டியதும் இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரிந்தால் பிரி.

இசபெல் இனி வெள்ளிக்கிழமைகளில்தான் வருவாளாம். மற்ற நாட்களில் நான் போகிறேன். நீ சொல்லிப் போகவில்லை. இயந்திரத்தைத் திருத்திய பிறகு பஸ்தியான் அஸருக்குத் துறையில் நின்று, என்னைக் கேட்காமலே வள்ளத்தைத் தள்ளிவிடுகிறான். லாபிர், "இப்ப ஆருக்காகப் போறீங்க?" என்று கேட்டார். ஆருக்காகவும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

அந்தக் குஞ்சுக்கு இறகு முளைத்திருக்கிறது, ஆனால் கட்டை. அந்தியில் காற்று எழும்பும்போது பற்றையை விட்டு வெளியே வந்து இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கிறது. கால் மணலை விட்டு எழும்புகிறது, திரும்ப விழுகிறது. மற்ற ஆலாக்கள் எல்லாம் திட்டியை விட்டுப் போகத் தொடங்கிவிட்டன. சோடியும் எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது.

அது பறந்ததா இல்லையா என்று உனக்கு எழுதப் போவதில்லை. எழுதினால் நீ நம்ப வேண்டும், அல்லது நம்பாமல் இருக்க வேண்டும். இரண்டையும் உன்னிடம் கேட்க எனக்கு மனமில்லை. நீ வரும் நாளில் உம்மா பிடித்து இருத்துவா, தெரு முழுக்க வந்து நிற்கும். பெட்டியை வாசலில் போட்டுவிட்டுத் துறைக்கு வா. அஸருக்குப் பிறகு வள்ளம்.

உன் ராத்தா,
மர்ளியா